பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் முன்: எல்லாரும் கேட்கும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் குடியிருந்தால் ஒரு வேலை தானாக வந்து சேரும். கோயம்புத்தூர் அத்தான், சென்னை மைனி, அவர்களுடைய அலுவலக நண்பர்கள் என்று கன்னியாகுமரிக்கு வருகிற எல்லாரும், "அந்த மர அரண்மனையைக் காட்டு" என்பார்கள். கூட்டிக்கொண்டு போவேன். முடியாத நாளில் போனிலேயே வழி சொல்வேன். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

எங்க இருக்கு? எப்படி வர்றது?

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா, தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம். நாகர்கோவிலிலிருந்து 15 கிலோமீட்டர் சொச்சம், கன்னியாகுமரியிலிருந்து 35 கிலோமீட்டர் அளவில். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரம் போகும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் தக்கலையில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. ரயிலில் வருபவர்களுக்குப் பக்கத்து நிலையம் இரணியல்.

கருங்கல் கோட்டைச் சுவரைத் தாண்டித்தான் உள்ளே வருவீர்கள். கோட்டைக்குள்ளே சாதாரண ஊர்தான்: வீடுகள், கடைகள், கோவில்கள். பின்னால் வேளிமலை தெரியும். "அரண்மனை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டவர்கள் உண்டு. தூரத்திலிருந்தே தெரிகிற கட்டடம் இல்லை அது.

தமிழ்நாட்டுக்குள்ள இருக்கு, அப்புறம் ஏன் கேரளாக்காரங்க டிக்கெட் கிழிக்கிறாங்க?

இந்தப் பகுதி முழுக்கத் திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. அதனால் வெளியே சாலை, நகராட்சி எல்லாம் தமிழ்நாடு. வாசலைத் தாண்டினால் கேரள அரசின் பராமரிப்பு. இரண்டு மொழியும் உள்ளே செல்லும், கவலைப்பட வேண்டாம்.

எந்த நாள் வரலாம்? எத்தனை மணிக்கு?

திங்கட்கிழமை விடுமுறை. இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். ஊருக்குள்ளேயே இருக்கும் நானே ஒருமுறை அத்தான் குடும்பத்தை ஒரு திங்கட்கிழமை கூட்டிப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டித் திரும்பியிருக்கிறேன். இன்றுவரை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். தேசிய விடுமுறை நாட்களிலும் முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 முதல் 2 வரை மூடி, மாலை 4.30 வரை வைத்திருப்பது வழக்கம். 12 மணிக்கு மேல் வந்து சேர்ந்தால் பாதியில் வெளியே வர வேண்டியிருக்கும். காலை 9 மணிக்கே வாசலில் நில்லுங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்குள் முதல் அரை மணி நேரம் வீடு உங்களுக்கே உங்களுக்கு.

ஒரு மணி நேரத்துல பாத்துட்டு ஓடி வந்துடலாமா?

ஓடலாம். ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். வளாகம் மொத்தம் ஆறரை ஏக்கர் அளவு. ஒரே கட்டடம் இல்லை. வெவ்வேறு காலத்தில் கட்டிய பல கட்டடங்களை நடைகளும் படிகளும் முற்றங்களும் இணைக்கின்றன. போகும் வழி ஒரே திசையில்தான், ஒரு அறையை விட்டால் திரும்பி வருவது கஷ்டம். குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டு அலங்காரத்தில் ஆர்வம் உள்ளவர் என்றால் மூன்று.

அரண்மனைன்னா மைசூர் மாதிரி இருக்குமா? தங்கம், கண்ணாடி, சரவிளக்கு?

இருக்காது. அதை எதிர்பார்த்து வருபவர்கள்தான், "என்னங்க, பெரிய வீடு மாதிரில்ல இருக்கு?" என்று ஏமாந்து போகிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள், இது பெரிய வீடு. ஓட்டுச் சாய்ப்பு, மரத்தூண், தாழ்ந்த நிலைக்கதவு, நடுமுற்றம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருந்ததையே அரசர் வீட்டில் இன்னும் கவனமாக, இன்னும் நல்ல மரத்தில் செய்திருக்கிறார்கள். தேக்கு, பலா, ஈட்டி, கருங்கல், சுண்ணாம்பு. பூச்சு வேலையும் பளபளப்பும் தரையில் மட்டும்.

வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601-ஐ ஒட்டி இங்கே அரண்மனை எழுந்தது. அப்போது பெயர் கல்குளம். 1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா, 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துவிட்டுத் தம்மை 'பத்மநாபதாசன்' என்று சொல்லிக்கொண்டார். ஊர்ப்பெயரும் அப்படியே மாறியது. அரண்மனையைப் பெரிதாக்கியவரும் அவர்தான். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது. என் கணிப்பில் இந்த வீடு கெடாமல் தப்பியதற்கு அது ஒரு காரணம். அரசர்கள் இங்கேயே இருந்திருந்தால் அடுத்த நூற்றாண்டில் இடித்து மாளிகை பாணியில் கட்டியிருப்பார்கள்.

எதையெல்லாம் விடாம பாக்கணும்?

முதலில் பூமுகம். அது வரவேற்பு மண்டபம். எல்லாரும் நேராகப் பார்த்து நடப்பார்கள், நீங்கள் தலையை நிமிர்த்துங்கள். மரக் கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். நான் எண்ணிப் பார்க்க முயன்று முப்பதுக்கு மேல் கழுத்து வலித்து விட்டுவிட்டேன். அங்கேயே தொங்கும் குதிரை விளக்கையும் பாருங்கள்: குதிரை மேல் வீரன் இருக்கும் பித்தளைத் தூக்குவிளக்கு. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே சாயாமல் நிற்கும். சுவரில் வரிசையாக இருக்கும் வண்ணப் பலகைகள் ஓணவில். ஓணத்தின்போது அரசருக்குக் கொடுத்தவை.

அதற்கு மேலே மந்திரசாலை. செங்குத்தான மரப்படி ஏறினால் திடீரென்று வெளிச்சம் மாறும். அரசர் அமைச்சர்களோடு பேசிய அறை இது. சுற்றிலும் மரச் சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய அழி, நடுவே நிறம் போட்ட அப்பிரக (மைக்கா) தகடுகள். வெளிச்சம் அதன் வழியே வந்து கருப்புத் தரையில் விழுகிறது. கூட்டம் போகும்வரை ஓரமாக நின்று, ஆள் இல்லாத அறையை ஒரு நிமிடம் பாருங்கள். இந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு அறையைக் கொடுத்தால் இதைத்தான் கேட்பேன்.

பிறகு தாய்க்கொட்டாரம் (கொட்டாரம் என்றால் அரண்மனை). வளாகத்திலேயே பழைய பகுதி. நாலுகெட்டு வீடு: நான்கு பக்கமும் சாய்ப்பு இறங்கி நடுவில் வானம் தெரியும் முற்றம். அதன் ஒரு பக்கத்தில் ஏகாந்த மண்டபம், அங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்து செதுக்கிய தூண். கை வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள்.

ஊட்டுப்புரை நீளமான இரண்டு மாடிச் சாப்பாட்டுக்கூடம். அதன் அழகு அலங்காரத்தில் இல்லை, நீளத்தில். ஒரே மாதிரித் தூண்கள் போய்க்கொண்டே இருக்கும். ஊறுகாய் போட்டுவைத்த சீனப் பரணிகள் (ஜாடிகள்) அங்கே இருக்கின்றன, ஒரு சிறு பிள்ளை உள்ளே ஒளிந்துகொள்ளும் அளவு. கடைசியில் வரும் நவராத்திரி மண்டபம் மட்டும் கருங்கல் தூண்களால் ஆனது. மர வீட்டுக்குள் நடந்து களைத்த பாதத்துக்கு அந்தத் தரை சில்லென்று இருக்கும். அரச குடும்பப் பெண்கள் மறைவிலிருந்து நாட்டியம் பார்த்த மரத்தட்டி அறையையும் காட்டுவார்கள்.

இந்திரவிலாசம் ஐரோப்பிய விருந்தினருக்காகக் கட்டியது. உயரமான கதவு, பெரிய ஜன்னல். மற்ற அறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கருப்புத் தரை முட்டை வெள்ளைக்கருல போட்டதாமே, நிஜமா?

அரண்மனை ஊழியர்கள் சொல்லும் கூட்டு இதுதான்: சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிகளின் சாறு. ஆளுக்கு ஆள் ஒரு பொருள் கூடும், குறையும். ஆனால் அடிப்படை நம்பக்கூடியதுதான். சுண்ணாம்புச் சாந்தில் முட்டை, வெல்லம், கடுக்காய் சேர்ப்பது தென்னாட்டுக் கொத்தனார்களின் பழைய வழக்கம். செட்டிநாட்டுச் சுவர்களின் வழவழப்பும் அப்படி வந்ததே. இங்கே கரி சேர்ந்ததால் நிறம் கருப்பானது.

பாதி பளபளப்பு கூட்டில், மீதி கைவேலையில் என்பது என் கருத்து. ஈரம் காய்வதற்குள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றாமல் எந்த முட்டையும் இந்த மினுக்கத்தைத் தராது. செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வதும் இந்தத் தரைக்காகத்தான். வெறுங்காலில் நடங்கள், முடிந்தால் சாக்ஸும் வேண்டாம். வழுக்கும் என்பது ஒரு காரணம். அந்தத் தரையைக் காலால்தான் தெரிந்துகொள்ள முடியும் என்பது இன்னொன்று.

ஃபேன் இல்ல, ஏசி இல்ல. எப்படி இவ்வளவு குளிர்ச்சியா இருக்கு?

நான்கு காரணம் கண்ணுக்கே தெரியும். ஒன்று, சாய்ப்பு மிகத் தாழ்வாக இறங்குகிறது. வெயில் சுவரைத் தொடுவதே இல்லை. அடுத்தது முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போக, தாழ்வாரத்துப் பக்கமிருந்து புதுக் காற்று உள்ளே வருகிறது. பிறகு மேலே சொன்ன அழி: காற்று வரும், வெயிலின் கூச்சம் வராது, உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. ஜன்னல் திரை, வெயில்தட்டி, மறைப்பு மூன்றும் தனித்தனியாக வாங்குகிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம். கடைசியாக ஓடு. ஓடுகளின் இடுக்கு வழியாகக் கூரையே மூச்சுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு, அது கண்ணின் ஏமாற்று. அறைகள் இருட்டு. வெளி வெயிலிலிருந்து வந்தவுடன் இருட்டே குளிர்ச்சியாகத் தோன்றும்.

வயசானவங்க, சின்னப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம், ஆனால் முழுதும் சுற்ற முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரப்படிகள் குறுகல், செங்குத்து, நிலைக்கதவுகள் தாழ்வு. முழங்கால் வலிக்காரர்களுக்கு மந்திரசாலைப் படியே சோதனை. என் அம்மா பூமுகம் வரை பார்த்துவிட்டு வெளியே மரநிழலில் உட்கார்ந்துவிடுவார், "எனக்கு இது போதும்" என்று. சக்கர நாற்காலிக்கு உள்வழி தோதுப்படாது. உயரமான ஆட்கள் தலையைக் குனிந்தே நடங்கள். என் தம்பி ஒரே நாளில் மூன்று முறை நெற்றியை இடித்துக்கொண்டான்.

போட்டோ எடுக்க விடுவாங்களா? கைடு தேவையா?

கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும், வீடியோவுக்குக் கட்டணம் கூடுதல். ஃபிளாஷ் போடாதீர்கள், மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை, இந்த வீட்டின் அழகே அரை இருட்டு, ஃபிளாஷ் அதைக் கொன்றுவிடும். கைடு தனியாகத் தேவையில்லை. அங்கங்கே ஊழியர்கள் நின்று மலையாளம் கலந்த தமிழில் விளக்குவார்கள். கூட்ட நாளில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அனுப்புவார்கள். கூட்டமில்லாத காலையில் நின்று பேசினால் நிறைய சொல்வார்கள்.

மூலிகைக் கட்டில்ல படுத்தா நோயே வராதாமே?

உப்பரிகை மாளிகையில் இருக்கிறது அந்தக் கட்டில். 64 வகை மருத்துவ மரங்களால் செய்தது, டச்சுக்காரர்கள் கொடுத்தது என்று சொல்வார்கள். படுக்க யாருக்கும் அனுமதி இல்லை, அதனால் சோதித்துப் பார்க்க வழியில்லை. எனக்கு அதன் மருத்துவத்தைவிட வேலைப்பாடுதான் பிடிக்கும்: தலைமாட்டில் அடர்த்தியான செதுக்கல், ஆனால் அறை முழுக்க வெறுமை. ஒரு அறைக்கு ஒரு அழகான பொருள் போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

மேல் மாடியில ஓவியம் இருக்குன்னாங்க. காட்டவே இல்லையே?

அதே உப்பரிகை மாளிகை நான்கு அடுக்கு. கீழே கருவூலம், அதற்கு மேல் கட்டில் அறை, இன்னும் மேலே அரசர் விரதம் இருந்த இடம், உச்சியில் பத்மநாப சுவாமிக்கான அறை. அந்த உச்சி அறையின் சுவர்களில்தான் ஓவியங்கள். பொதுமக்களை அங்கே ஏற்றுவதில்லை. நம் மூச்சின் ஈரமும் கைபட்ட எண்ணெயும் மூலிகை நிறங்களுக்கு எமன். கோபித்துக்கொண்டு ஊழியரிடம் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பயனில்லை.

சுரங்கப்பாதை இருக்கா? பேய்ப் படம் எடுத்த வீடு இதுதானே?

சாரோட்டுக் கொட்டாரம் வரை சுரங்கம் போகிறது என்பது ஊரறிந்த பேச்சு. நீங்கள் அதில் நடக்கப் போவதில்லை, விடுங்கள். 1993-இல் வந்த புகழ்பெற்ற மலையாளப் பேய்ப் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுத்தவைதான். பிள்ளைகளிடம் இதை உள்ளே போகும் முன் சொல்லாதீர்கள், அப்புறம் இருட்டு அறைகளுக்கு வரமாட்டார்கள். என் அண்ணன் மகள் வரவில்லை.

நாங்க வீடு கட்டப் போறோம். இங்கருந்து எதை எடுத்துக்கலாம்?

எனக்குப் பிடித்த கேள்வி. செதுக்கல் வேலையை எடுக்காதீர்கள். ஒரு தூணை மட்டும் இயந்திரத்தில் கடைந்து கான்கிரீட் போர்ட்டிகோவில் நிறுத்தினால் அது நாடக மேடைபோல இருக்கும். எடுக்க வேண்டியது கணக்கு: சாய்ப்பு எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது, ஜன்னல் எந்த உயரத்தில் தொடங்குகிறது, ஒரு அறையில் எத்தனை பொருள் இருக்கிறது. உள்ளே போகும்போது கையில் சிறு நோட்டு வைத்துக்கொண்டு, உங்கள் உடம்பையே அளவுகோலாக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். "உட்கார்ந்தால் ஜன்னல் கீழ்ச்சட்டம் தோளுக்கு வருகிறது" என்பதுபோல. டேப் வைத்து அளக்க ஊழியர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

மர அழியை இன்றும் செய்யலாம். மேற்கு வெயில் படும் ஜன்னலுக்கு முன் சாய்வுச் சட்டங்களைப் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். தேக்கு விலை கட்டுபடியாகாவிட்டால் பழைய வீடு இடிக்கும் இடங்களில் மரம் வாங்கி அறுத்துக்கொள்ளலாம். காய்ந்து முதிர்ந்த மரம், முறுக்காது. முற்றம் வைக்க இடம் இல்லையென்றால் மாடிப்படிக்கு மேல் காற்று வெளியேற ஒரு திறப்பாவது வையுங்கள்.

தரை? சிரட்டைக்கரியும் முட்டையும் தேடி அலைய வேண்டாம். சிமெண்டோடு கருப்பு ஆக்சைடு கலந்து போடும் தரை அந்தச் சாயலைத் தரும். ஒரு அறையை ஒரே நாளில், நிறுத்தாமல் முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் ஒட்டுக்கோடு காலம் முழுக்கத் தெரியும். பிறகு சில நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் டைல்ஸுக்கே போய்விடுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன் என்பவரை நம்பாதீர்கள்.

இவ்வளவு புகழ்றீங்களே, அந்தக் காலத்துல நம்மள இந்த வாசப்படி ஏற விட்டிருப்பாங்களா?

கல்லூரியில் படிக்கும் ஒரு உறவுக்காரப் பெண் ஊட்டுப்புரையில் நின்றுகொண்டு கேட்டாள். பெரும்பாலானவர்களை விட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் பதில். மாடிக்கு ஆயிரம் பேர் உட்காரும் என்று சொல்லப்படுகிற அந்தக் கூடத்தில் தினமும் இலவசமாகச் சாப்பிட்டவர்கள் பிராமணர்கள். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் இதே கல்குளம் பகுதியில் நடந்தது. தலைநகர் திருவனந்தபுரம் போன பிறகும் அரசு அதே அரசுதான். மேலாடைக்கு ஒரு அளவுக்கேனும் அனுமதி தந்த அரசாணை 1859-இல் வந்தது. கோவில் நுழைவுப் பிரகடனம் வர 1936 ஆனது.

மரத்தை இழைத்தவர்களும் தரையைத் தேய்த்தவர்களும் வேலை முடிந்தபின் எந்த அறை வரை வர முடிந்தது என்று அறைப் பலகைகளில் எழுதியிருக்காது. நான் கூட்டிப் போகும் பிள்ளைகளிடம் இதையும் சொல்லிவிடுகிறேன். பூமுகத்துப் பூக்கள் அதனால் அழகு குறைந்துவிடவில்லை, யார் கை செய்தது என்ற நினைப்பு மட்டும் கூடுகிறது.

நவராத்திரி சமயத்துல வரலாமா?

வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம், விழாவைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டாயம் வாருங்கள். தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன், வேளிமலை குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் நவராத்திரிக்கு இங்கிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். புறப்படும் நாளில் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த சிலை என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அன்றைக்குக் கூட்டத்தில் தரையே தெரியாது.

பக்கத்துல வேற என்ன பாக்கலாம்?

உதயகிரிக் கோட்டை, புலியூர்க்குறிச்சியில். குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு மார்த்தாண்டவர்மாவின் தளபதியான டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. நேரம் இருந்தால் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில், மாத்தூர் தொட்டிப்பாலம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

ஒரு தடவை பாத்தாச்சு. மறுபடி வர என்ன இருக்கு?

மழை. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலோ அக்டோபர், நவம்பரிலோ வாருங்கள். தாய்க்கொட்டார முற்றத்துக்கு நான்கு சாய்ப்பிலிருந்தும் தண்ணீர் இறங்கும்போது தாழ்வாரத்தில் நில்லுங்கள். ஊழியர்களும் அப்போது அவசரப்படுத்த மாட்டார்கள். அவர்களும் மழை விடட்டும் என்று அங்கேதான் நின்றுகொண்டிருப்பார்கள். குடை கொண்டுவாருங்கள், கட்டடத்துக்குக் கட்டடம் நனையாமல் போக முடியாது. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்.